இடது தட்டு

நூடுல்ஸ் கடையில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் குரிமோட்டோ யசூஜி வந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்து வெளியே வருவார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் அதிகமாகக் கத்தரித்துவிட்டால் கண்ணாடியைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பார். இப்படிப்பட்ட மனிதருக்குக் குறை சொல்வதுதான் பிழைப்பு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. டோக்கியோவில் கான்டா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நடந்துகொண்டிருந்த ‘டென்பின்’ என்கிற வீடியோ கேம் பத்திரிகை அவருக்கு அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தது.

டென்பின் என்றால் தராசு. டிவியோடு இணைத்து விளையாடப் புதிதாக வருகிற ஒவ்வொரு விளையாட்டுப் பெட்டிக்கும் எதிரெதிரே இரண்டு பக்கங்கள் ஒதுக்குவார்கள். வலது தட்டில் நிறை, இடது தட்டில் குறை. இரண்டையும் ஒருவரே எழுதக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் அச்சுப்படி வரும்வரை பார்க்கவும் கூடாது. வலது தட்டு ஹொசுமி என்கிற பெண்ணுடையது. எதைப் பார்த்தாலும் ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிடும் அவளுக்கு. இடது தட்டு யசூஜியுடையது.

இடது தட்டுக்கு மட்டும் இன்னொரு விதி உண்டு. எழுதுகிறவர் தன் கண்ணால் இரண்டு முறை பார்க்காத குறையை எழுதக் கூடாது. இரண்டாவது முறை பார்க்கும்போது, பெட்டியைச் செய்த கம்பெனியின் ஆள் விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். இந்த விதி சும்மா வந்ததில்லை. யசூஜிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், யாரோ சொன்னதை நம்பி ஒரு பெட்டியின் படம் நடுங்குகிறது என்று எழுதிவிட்டார். நடுங்கியது பெட்டி இல்லை, சொன்னவர் வீட்டு டிவி. அது தெரியவந்தபோது பெட்டியைச் செய்தவர்கள் கடையை மூடியிருந்தார்கள். எழுதியவர் தன் மேசையைக் காலி செய்துகொண்டு போனார். அந்த மேசையின் இழுப்பறை இப்போதும் பாதிதான் திறக்கும். முழுசாக இழுத்துப் பார்க்க யசூஜிக்குத் துணிவு வந்ததில்லை.

இந்த வேலைக்கு முன்பு யசூஜி ஒரு பெரிய அங்காடியின் பொம்மைத் தளத்தில், உடைந்த பொம்மைகளைத் திரும்ப வாங்குகிற மேசையில் இருந்தார். திட்டுகிறவர்களுக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன காலம் அது. மனிதர்களோடு பேச வேண்டாம், பெட்டிகளோடு இருந்தால் போதும் என்றுதான் பத்திரிகைக்கு வந்தார். வாசகர்களோ இடது தட்டை எழுதுகிறவர் ஏதோ முரட்டு ஆள் என்று நினைத்தார்கள். கன்னத்தில் தழும்பு இருக்குமாமே என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அதை ஹொசுமி வெட்டி அவர் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ‘மினாமோ’ வந்தது. ஹயாசே என்கிற சின்னக் கம்பெனியின் முதல் விளையாட்டுப் பெட்டி. அதுவரை கால்குலேட்டரும் ரேடியோ கடிகாரமும் செய்துகொண்டிருந்தவர்கள், கையிலிருந்ததையெல்லாம் இதில் கொட்டிவிட்டார்கள் என்று பேச்சு. விற்பனைக்கு வருவதற்கு முன்பே அலுவலகத்துக்கு ஒன்றும் யசூஜி வீட்டுக்கு ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். வருடக் கடைசி இதழில் தராசு ஏற வேண்டும். புத்தாண்டுக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுக்கிற பணத்தைப் பிள்ளைகள் எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்பதை அந்த இதழ்தான் பாதி தீர்மானிக்கும்.

பெட்டி அழகாக இருந்தது. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தின் அளவுதான். மற்ற பெட்டிகளின் வயிற்றுக்குள் ஒரு விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இதில் விசிறியே கிடையாது. மேல்மூடி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள், சூடு அது வழியாகத் தானே மேலேறிப் போய்விடும். விளையாடியதைச் சேமிக்கத் தனியாக மெமரி அட்டை வாங்க வேண்டாம், பெட்டியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். போட்டுவிட்டால் பனி பெய்கிற தெருவைப் போல ஒரு நிசப்தம்.

குறை என்று பார்த்தால், கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலரின் வயர் குட்டை. விளையாட்டுகள் இன்னும் குறைவு. மூடியைத் திறக்கிற பொத்தான் நகம் வெட்டியவர்களுக்குச் சிரமம். இவ்வளவுதான். யசூஜிக்கு நிம்மதியாக இருந்தது. இடது தட்டு இலேசாக இருக்கிற மாதங்களில் அவர் நன்றாகத் தூங்குவார்.

விளையாடுவது அவர் இல்லை. அவர் மனைவி தொமிக்கோ. பகலெல்லாம் ஒரு சலவைக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். விரல்களில் அப்படியொரு வேகம். அவள் விளையாட, இவர் பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மினாமோவோடு வந்த விளையாட்டில் ஒரு துறைமுகம் கட்ட வேண்டும். தொமிக்கோ கலங்கரை விளக்கம், மீன் சந்தை, பனிக்கட்டிக் கிடங்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனாள். சலவைக் கடைக்கு வருகிறவர்களிடம்கூட அந்தத் துறைமுகத்தைப் பற்றித்தான் பேச்சாம்.

ஒரு ஞாயிறு பகலில் யசூஜி மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் அடியில் கணப்பும் மேலே போர்வையும் உள்ள தாழ்ந்த மேசையான கொடாட்சுவுக்குள் இடுப்புவரை போர்வையை இழுத்துக்கொண்டு, இருண்டிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போச்சு,” என்றாள்.

“எது?”

“எல்லாம். திடீர்னு இருட்டாச்சு. மறுபடி போட்டா, உங்க துறைமுகத்துக்குப் பேர் வைங்கன்னு முதல்லேருந்து கேக்குது. எழுதுங்க இதை.”

“நான் பாக்கலையே.”

“நான் பாத்தேனே.”

“உன் கண்ணு கணக்குல வராது, தொமிக்கோ. விதி அப்படி.”

“சரிதான். குழம்புல உப்பு இல்லன்னாக்கூட ரெண்டு தடவை சாப்பிட்டுப் பாத்துட்டுதான் சொல்வீங்களாக்கும்.”

சொல்லவே மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து யசூஜிக்குத் தூக்கம் போயிற்று. அலுவலகப் பெட்டியை இரும்பு அலமாரியில் வைத்து நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிப் பார்த்தார். வீட்டிலிருந்து வந்த பெட்டி அலுவலகத்தில் சாதுவாக ஓடியது. மின்சாரம் ஒரு கணம் தடுக்கியிருக்குமா? தொமிக்கோவின் முழங்கை பிளக்கில் பட்டிருக்குமா? அல்லது டிவியின் கோளாறா? அவள் வீட்டுக்காரரைப் போலவே அதுவும் வயதானதுதானே. பழைய நாற்காலிக்காரரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.

எழுதினால், இல்லாத குறையைச் சொல்லி ஒரு கம்பெனியைச் சாய்த்துவிடலாம். எழுதாமல் விட்டால், புத்தாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டியதையெல்லாம் நாடெங்கும் பிள்ளைகள் ஒரு நொடியில் இழந்துவிட்டு நிற்கலாம். பக்கம் அச்சுக்குப் போக இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

ஆசிரியர் ஹிடாக்கா பரந்த முகமும் பெரிய வயிறும் உள்ள மனிதர்; எதையும் கவலையாக எடுத்துக்கொள்ளமாட்டார். வயர் குட்டை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுங்கள் என்றார். கண்ணில் படாததை நினைத்துப் பயந்துகொண்டிருந்தால் பத்திரிகை நடத்த முடியாது என்றும் சொன்னார்.

யசூஜி ஹயாசே கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினார். எதையும் நேரடியாகக் கேட்க வரவில்லை. பெட்டி எப்போதாவது தானாக அணைந்ததுண்டா என்று மென்று விழுங்கிக் கேட்டார். மறுநாளே அஷிசாவா என்கிற ஆள் ஒரு பெட்டி இனிப்போடு ரயிலேறி வந்துவிட்டார். மினாமோவைக் கடைகளில் சேர்க்கிற பொறுப்பு அவருடையது. ஒல்லியான மனிதர், சட்டைக் காலர் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தது. இந்த வேலையில் இளைத்தவர் போலிருக்கிறது என்று யசூஜி நினைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் பெட்டிகளை வரிசையாக வைத்து இரவும் பகலும் ஓட்டியதையும், ஒன்றுகூட அணையவில்லை என்பதையும் அஷிசாவா சொன்னார். சொல்லிவிட்டு இனிப்புப் பெட்டியை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

“எங்களுக்கு ரெண்டாவது பெட்டின்னு ஒண்ணு கிடையாது, குரிமோட்டோ-சான். இது போனா நாங்க கால்குலேட்டருக்கும் திரும்ப முடியாது. அந்த மெஷினையெல்லாம் வித்தாச்சு.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். அதனாலேயே யசூஜிக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வெளியே பனியும் மழையும் கலந்து பெய்தது. தொமிக்கோ இரண்டாவது துறைமுகத்தைப் பாதி கட்டியிருந்தாள். யசூஜி வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டிவி சுவரோரம், கொடாட்சு அறை நடுவில். மேசைக்கடியில் எரிகிற சூட்டை விட்டு வெளியே வர எந்தக் காலுக்குத்தான் மனம் வரும்? வயர் எட்டவில்லை. தொமிக்கோ பார்வையைத் திருப்பாமலே கையை நீட்டிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இதை அவள் தினமும் செய்வாள். தினமும் அவர் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கழித்துக் குளிருகிறது என்று போர்வையை மார்புவரை ஏற்றிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தாள்.

துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அது கரையைத் தொடுவதற்குள் டிவி இருண்டது.

“பாத்தீங்களா?” என்றாள் தொமிக்கோ. அவள் குரலில் வருத்தத்தைவிட வெற்றிதான் அதிகம்.

யசூஜி பெட்டியைத் தேடினார். தரையில் காணவில்லை. போர்வையின் ஓரத்தைத் தூக்கியபோது அது உள்ளே ஒண்டியிருந்தது. தொட்டவர் கையை உதறினார்.

“உங்க கடை இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு.”

“பாவம், குளிருதுன்னு உள்ள வந்துடுச்சு போல,” என்றாள் அவள்.

விசிறி உள்ள பெட்டியாக இருந்தால் மூச்சு முட்டும்போது கத்தும். யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இது சத்தம் போடத் தெரியாத பெட்டி. மூடியின் துளைகள்மேல் போர்வை விழுந்ததும், வெளியிலிருந்து ஒரு சூடு, உள்ளிருந்து ஒரு சூடு. தாங்கமுடியாமல் தானே அணைந்துவிடுகிறது. ஆறவைத்துப் போட்டபோது அது மறுபடி துறைமுகத்துக்குப் பெயர் கேட்டது. சேமித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அணைந்தால் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் போய்விடுகிறது. அலுவலகத்தில் கொடாட்சு இல்லை. எல்லோரும் நாற்காலியில் உட்கார்கிறார்கள். தொழிற்சாலையிலும் அப்படித்தான் இருக்கும்.

திங்கள் காலை அஷிசாவாவைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பெட்டியை உங்களில் யாராவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா?

அஷிசாவா சொன்னார்: “எப்படிங்க முடியும்? ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு வாசல்ல எங்க பையையே சோதிப்பாங்க. என் வீட்டுக்காரிக்கு நான் என்ன வேலை பாக்கறேன்னே போன மாசம்தான் தெரியும்.”

அந்தப் பெட்டி யசூஜி வீட்டைத் தவிர இதுவரை ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

ஹிடாக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். போர்வையைப் போட்டு மூடினால் ஆசிரியரும்தான் அணைந்துவிடுவார், அதைக் குறை என்று எழுதுவீர்களா என்றார். சுற்றிலும் இடம் விட்டு வைக்கவும் என்று கம்பெனி தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதை மீறுவது மனிதர்களின் குறை, பெட்டியின் குறை இல்லை. யசூஜி தரையைப் பார்த்தபடி, வயர் குட்டையாக இருப்பதால் எல்லோரும் இழுப்பார்கள் என்றார். உங்கள் வீட்டில் இழுப்பார்கள் என்று ஹிடாக்கா திருத்தினார். கடைசியில் ஆசிரியரே ஒரு வழி சொன்னார். இரண்டாவது முறையை இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு கொடாட்சுவைக் கொண்டுவந்து போடுங்கள். அஷிசாவாவையே கூப்பிட்டு விளையாடச் சொல்லலாம்.

“யாரும் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. அந்த மனுஷன் பெட்டியை டிவி கிட்டயே விட்டு வெச்சா, இது உங்க வீட்டுக் கதை, குரிமோட்டோ-சான். வயர் குட்டைன்னு எழுதிட்டுப் போங்க. அவரே இழுத்து உள்ள விட்டா எழுதுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எலிக்குப் பொறி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல் யசூஜிக்கு உடம்பு கூசியது.

கட்டடக் காவலாளியின் அறையிலிருந்து கொடாட்சுவை இரவல் வாங்கி, ஹொசுமியும் அவருமாகத் தூக்கிவந்தார்கள். கூட்ட அறையில் பாய் விரித்து அதைப் போட்டார்கள். மினாமோவை டிவிக்குக் கீழே, கம்பெனித் தாளில் உள்ள படத்தின்படி நாலு பக்கமும் இடம் விட்டு, யசூஜி தன் கையாலேயே வைத்தார். காவலாளி முழங்கால் வலிக்குத் தடவுகிற தைலத்தின் வாசம் போர்வையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அஷிசாவா தெருக்குளிரோடு வந்தார். கூட்ட அறையில் கொடாட்சுவைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். பத்திரிகைக்காரர்கள் சுகமாக வேலை செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே நுழைத்தார். அந்தச் சூடு பட்டதும் அவர் முகம் தளர்ந்தது. வந்த நாளிலிருந்து யசூஜி பார்க்காத முகம். வீட்டில் இருக்கிற ஒரு சாதாரண மனிதனின் முகம். ஹொசுமி தேநீரும் ஒரு கூடை ஆரஞ்சும் கொண்டுவந்து வைத்தாள்.

விளையாட்டு தொடங்கியது. அஷிசாவா கெட்டிக்காரர், துறைமுகத்தின் எந்த மூலையில் எதைக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேசிக்கொண்டே விளையாடினார். கன்ட்ரோலரை மடிக்கு இழுத்தபோது வயர் விறைத்து நின்றது. ஒரு தடவை முன்னால் குனிந்து சமாளித்தார். இன்னொரு தடவையும் குனிந்தார். அவர் இழுக்கக் கூடாது என்று யசூஜி மனதுக்குள் வேண்டிக்கொண்டார். தான் வேண்டுவது தனக்கு எதிராகத்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது தடவை அஷிசாவா குனியவில்லை. கையை நீட்டிப் பெட்டியைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது ஆரஞ்சை எடுக்கத் திரும்பியபோது போர்வை அவரோடு நகர்ந்து வந்து, கோழி குஞ்சை அணைப்பதுபோல் பெட்டியை மூடிக்கொண்டது.

யசூஜி ஹிடாக்காவைப் பார்த்தார். ஹிடாக்கா ஜன்னலைப் பார்த்தார். ஹொசுமி உரித்து முடித்த ஆரஞ்சின் நாரை இழை இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும்; போர்வை, அஷிசாவா-சான் என்று சொல்லிவிட்டால் போதும். அதைத்தான் சொல்லக் கூடாது. அஷிசாவா, கையில் கொடுத்தால் தன் பிள்ளை பனிக்கட்டிக் கிடங்கைத் தப்பான இடத்தில்தான் கட்டுவான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை இந்தப் பெட்டி தாங்கிவிடும், ஒருவேளை இது வெறும் வீட்டுக் கதைதான் என்று யசூஜிக்கு ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது.

டிவி இருண்டது.

அஷிசாவா பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு பெட்டி எங்கே என்று பார்த்தார். போர்வையைத் தூக்கினார். தொட்டபோது அவர் கையை உதறவில்லை, சூட்டிலேயே வைத்திருந்தார்.

“எங்க வீட்லயும் இப்படித்தாங்க உக்காருவோம்,” என்றார்.

ஹொசுமி எழுந்து கொடாட்சுவின் சூட்டை அணைத்தாள். பெட்டி ஆறியதும் போட்டுப் பார்த்தார்கள்; துறைமுகத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லி முதலிலிருந்து கேட்டது.

தயாராகிக் கிடக்கிற பெட்டிகளை இனி மாற்ற முடியாது என்று அஷிசாவா மெதுவாகச் சொன்னார். மஞ்சள் தாளில் ஓர் எச்சரிக்கை அடித்து ஒவ்வொன்றிலும் போட்டுவிடலாம். நீளமான வயர் செய்ய ஏற்பாடு செய்யலாம். எழுத வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்: எந்தப் பெட்டியாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்று.

எல்லோரும் யசூஜியைப் பார்த்தார்கள். ஹிடாக்கா, அந்த ஒரு வரியில் என்ன போய்விடப்போகிறது என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். முடியாது என்று வேறு யாராவது சொல்லமாட்டார்களா என்று யசூஜி காத்திருந்தார்.

“மத்ததுக்கு வயர் எட்டும், இழுக்கவே வேணாம். இழுத்தாலும் விசிறி கத்தும்,” என்றார் கடைசியில். குரல் தனக்கே கேட்காததுபோல் இருந்தது. “அந்த வரி உண்மை இல்லீங்க. என்னால முடியாது.”

அஷிசாவா தலையசைத்தார். போகும்போது ஷூவை மாட்ட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

இதழ் வந்தது. வலது பக்கத்தில் ஹொசுமி எழுதியிருந்தாள்: இந்தப் பெட்டி ஓடும்போது உங்கள் வீட்டில் மற்ற எல்லாச் சத்தங்களும் கேட்கும். இடது பக்கத்தில் யசூஜி எழுதியிருந்தார்: கொடாட்சுப் போர்வை படுகிற இடத்தில் மினாமோவை வைக்காதீர்கள். சூடேறி அணையும், சேமித்தது அழியும். வயர் குட்டை என்பதால் வைக்கத்தான் தோன்றும். நாங்கள் பார்த்த எல்லோரும் வைத்தார்கள்.

அச்சில் பார்த்தபோது அந்தச் சில வரிகள் அவருக்கு ஒரு வீட்டை இடித்த கல்லைப் போலத் தெரிந்தன. புத்தாண்டு விடுமுறையில் தொமிக்கோவின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைகள் திறந்ததும், கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் என் உயிரை எடுத்துவிடுவீர்கள் என்ற பொருளில் தொமிக்கோ நாலு வார்த்தை சொல்லி அனுப்பினாள்.

மின்சாமான் கடைகள் நிறைந்த அகிஹபாராவில் ஐந்து மாடிக் கடை ஒன்றில், மினாமோ அடுக்கியிருந்த இடத்தில், கம்பெனியின் நீல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அஷிசாவாவே நின்று விற்றுக்கொண்டிருந்தார். யசூஜி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். யார் வந்து பெட்டியைத் தொட்டாலும் அஷிசாவா முதலில் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார். சத்தமில்லாததைக் காட்டினார். பிறகு தானாகவே கொடாட்சு விஷயத்தைச் சொன்னார். சிலர் சிரித்தபடி வாங்கினார்கள். சிலர் பக்கத்து அடுக்கில் விசிறி இரைகிற பெட்டியைப் பார்க்க நகர்ந்தார்கள். அடுக்கு உயரமாகவே இருந்தது. காலையிலிருந்து அவ்வளவு உயரம்தானா, குறைந்து குறைந்து அவ்வளவா என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது அஷிசாவா பார்த்துவிட்டார். குரல் கட்டியிருந்தது அவருக்கு.

“நீங்க ஒரு தடவை எழுதிட்டீங்க, குரிமோட்டோ-சான். நான் காலையிலேருந்து அதையே வாயால சொல்லிட்டிருக்கேன்.”

யசூஜி குனிந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் மடித்த டென்பின் இருந்தது. இரண்டு பேரில் யார் கடைக்காரர் என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டாள்.

“எங்க வீட்ல ஒரே ரூம்தான். டிவி, கொடாட்சு, படுக்கை எல்லாம் அதுலயே. இதை அப்போ எங்க வைக்கறது?”

அஷிசாவா யசூஜியைப் பார்த்தார். இடது தட்டில் அதற்குப் பதில் இல்லை. எங்கே வைக்கக் கூடாது என்று மட்டும்தான் அவர் எழுதியிருந்தார். ஒரு முக்காலி மேல் வைக்கலாம், உயரமாக இருந்தால் போர்வை எட்டாது என்று யசூஜி ஆரம்பித்தார். வயரும் எட்டாதே என்றாள் அவள். யசூஜிக்குக் காது சூடாயிற்று.

“நீள வயர் ஒண்ணு செய்யறோம்மா. தனியா, இலவசமா அனுப்பிடுவோம். மார்ச்சுல வந்துடும்,” என்றார் அஷிசாவா.

அவள் சிரித்துவிட்டாள். “மார்ச்சுல குளிர் போயிடும், நாங்க கொடாட்சுவையே மடிச்சு உள்ள வெச்சிடுவோமேங்க.”

அஷிசாவாவும் சிரித்தார். கட்டிய தொண்டையிலிருந்து வந்ததால் அது இருமலைப் போல் இருந்தது. அந்தப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியின் துளைகளை விரலால் தடவினாள். அவளுக்குப் பிடித்திருந்தது தெரிந்தது. பிறகு அதை அடுக்கில் இருந்த இடத்திலேயே, முனைகள் சரியாகப் பொருந்தும்படி வைத்தாள்.

“அப்போ மார்ச்சுல வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் இருக்கும் இல்ல?”

“இருக்கும்மா,” என்றார் அஷிசாவா.

அவள் நகரும் படிகளில் இறங்கித் தலை மறையும்வரை அவர் குனிந்தே நின்றார். பக்கத்தில் யசூஜியும் குனிந்து நின்றார். எப்போது நிமிர்வது என்று அஷிசாவாவின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.